ஈருயிரையும் காக்கும் வழி

கருவுற்ற பெண்ணை ‘ஈருயிர்க்காரி’ என்று அழைப்பது தமிழ் வழக்கு. உயிர் இரண்டு, அவ்விரண்டையும் தாங்குபவள் ஒருத்தி என்பதை அச்சொல் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. கருக்கலைப்பு குறித்த அறநெறி விவாதங்கள் பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்றை மறந்துவிட்டே தொடங்குகின்றன. கருவை மட்டும் பேசுவோர் அதைச் சுமப்பவளைக் காண்பதில்லை. சுமப்பவளை மட்டும் பேசுவோர், அவள் இழப்பது ஒன்றுமே இல்லை என்பதுபோல் பேசிவிடுகிறார்கள்.

காரியாபட்டியிலிருந்தும் மல்லாங்கிணறு, ஆவியூர், திருச்சுழிப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்தும் வரும் குடும்பத்தார் எங்களிடம் தாழ்ந்த குரலில் கேட்கும் வினாக்கள் இரண்டு. ‘கலைப்பது பாவம் ஆகாதா?’ என்பது ஒன்று. ‘வெளியே தெரியாமல் முடித்துவிட முடியுமா?’ என்பது மற்றொன்று. இரண்டாவது வினாவுக்குச் சட்டமும் மருத்துவமும் தெளிவான விடை தருகின்றன. முதல் வினாவுக்கு அவ்வாறு ஒரு வரியில் விடை கூற எவராலும் இயலாது. எனினும், இம்மருத்துவமனையில் பணியாற்றும் நாங்கள் இப்பொருளில் கொண்டுள்ள கருத்தை வாசகர்முன் மறைக்காமல் வைக்க விரும்புகிறோம். கருவில் வளரும் உயிருக்கு மதிப்பு உண்டு. அம்மதிப்பைக் காப்பதற்குத் தாயின் வழியாகச் செல்வதைத் தவிர வேறு வழியில்லை. தாயை ஒதுக்கியோ, அச்சுறுத்தியோ, ஏமாற்றியோ கருவைக் காத்துவிடலாம் என்று எண்ணுவோர் பல நேரங்களில் இரண்டு உயிரையும் இழக்கிறார்கள்.

உயிர் எப்போது தொடங்குகிறது?

மருத்துவர்கள் கருவின் வயதைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து கணக்கிடுகிறார்கள். ஆகவே மாதவிடாய் தள்ளிப்போன நாளிலேயே கணக்குப்படி நான்கு வாரம் கடந்திருக்கும். ஏறத்தாழ ஆறாவது வாரத்தில் இதயத் துடிப்பு ஸ்கேனில் தென்படும். பன்னிரண்டாவது வாரத்துக்குள் முதன்மை உறுப்புகள் உருப்பெற்றுவிடும். முதற்பிள்ளையைச் சுமக்கும் பெண் பதினெட்டு முதல் இருபது வாரத்தில் குழந்தையின் அசைவை உணர்வாள். ஏறத்தாழ இருபத்து நான்கு வாரத்தை எட்டிய குழந்தை, தீவிர சிகிச்சையின் துணையுடன் தாயின் உடலுக்கு வெளியே பிழைக்கும் வாய்ப்பைப் பெறத் தொடங்குகிறது.

இவை அனைத்தும் அறிவியல் காட்டும் படிநிலைகள். ஆனால் இவற்றுள் எந்தப் படியில் ‘ஓர் ஆள்’ தோன்றுகிறார் என்பதை ஸ்கேன் கருவி காட்டாது. சமயங்களும் இதில் ஒரே குரலில் பேசவில்லை. கருத்தரித்த கணம் முதலே முழு மனித உயிர் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் போதனை. கருவில் உயிர் ஊதப்படுவது நூற்றிருபதாம் நாளில் என்று இஸ்லாமிய அறிஞர் பலர் கொண்டனர். கருவைச் சிதைத்தலைப் பெரும்பாவமாகக் கூறும் வடமொழி மரபிலேயே, வெளிவர இயலாமல் சிக்கி இறந்த கருவை அறுத்தெடுத்துத் தாயைக் காக்கும் முறையைச் சுசுருத சங்கிதை விளக்குகிறது. நம் வீடுகளின் வழக்கமும் இதையே உணர்த்துகிறது. வளைகாப்பை இரண்டாம் மாதத்தில் எவரும் நடத்துவதில்லை. ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ நடத்துகிறோம். கருவின் மீது நாம் கொள்ளும் உறவும் கடமையும் மாதங்களோடு சேர்ந்து வளர்கின்றன என்பதை முன்னோர் அறிந்திருந்தனர்.

நம் நாட்டுச் சட்டமும் ஏறத்தாழ இப்படித்தான் சிந்திக்கிறது. தந்தை இறக்கும்போது கருவிலிருந்த குழந்தை பின்னர் உயிருடன் பிறந்தால், முன்பே பிறந்த பிள்ளைக்குரிய அதே பங்கை இந்து வாரிசுரிமைச் சட்டம் அதற்கு வழங்குகிறது. மரண தண்டனை பெற்ற பெண் கருவுற்றிருந்தால் அத்தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்படுகிறது. கருவைச் சட்டம் ஒன்றுமில்லாததாகக் கருதவில்லை. அதே வேளையில், பிறந்த மனிதருக்குரிய எல்லா உரிமைகளையும் தாய்க்கு எதிராக அதன் கையில் கொடுக்கவுமில்லை.

சட்டம் வகுத்த எல்லை

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், தாயின் உயிரைக் காக்கும் நல்லெண்ணத்துடன் செய்யப்பட்டாலன்றிக் கருக்கலைப்பைக் குற்றமாக்கியது. தானே கருவைக் கலைத்துக்கொள்ளும் பெண்ணும் அதன்படி குற்றவாளியே. இதனால் கலைப்புகள் நின்றுவிடவில்லை. இருட்டறைகளுக்கு இடம் மாறின. குச்சியும் எருக்கும் கைமருந்தும் பெண்களின் உயிரைக் குடித்தன. 1964இல் நடுவணரசு அமைத்த சாந்திலால் ஷா குழு இந்நிலையை ஆராய்ந்து அறிக்கை தந்ததன் விளைவாக, 1971இல் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் நிறைவேறியது. 1972 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

2021இல் திருத்தப்பட்ட அச்சட்டத்தின்படி, இருபது வாரம் வரை, சட்டம் கூறும் காரணங்களுக்காக, தகுதி பெற்ற ஒரு மருத்துவரின் கருத்தின்பேரில் கருவைக் கலைக்கலாம். இருபது முதல் இருபத்து நான்கு வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் கருத்து வேண்டும். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானோர், பதினெட்டு வயது நிரம்பாதோர், கருவுற்றிருக்கையில் கணவரை இழந்தோர் அல்லது மணமுறிவு பெற்றோர், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்ட சில பிரிவினருக்கே அக்காலத்தில் இடமுண்டு. அதற்கு மேல், கருவில் கடுமையான குறைபாடு உள்ளதென மருத்துவக் குழு முடிவு செய்தால் மட்டுமே அனுமதி. தாயின் உயிரை உடனடியாகக் காக்க வேண்டிய நிலையில் வார வரம்பு எதுவும் இல்லை.

பதினெட்டு வயது நிரம்பிய, மனநலம் உள்ள பெண்ணுக்கு அவருடைய சம்மதம் ஒன்றே போதும். கணவரின் கையெழுத்தையோ மாமியாரின் ஒப்புதலையோ சட்டம் கேட்கவில்லை. அப்பெண்ணின் பெயரையும் விவரத்தையும் சட்டம் அனுமதிக்காத எவரிடமும் வெளியிடும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். மணமாகாத பெண்ணுக்கும் இச்சட்டத்தில் சம இடமுண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பெண்ணின் சம்மதமின்றி அவளுடைய கருவைக் கலைப்பது ஆயுள் தண்டனை வரை பெற்றுத்தரும் குற்றம். கலைப்பது தன் நம்பிக்கைக்கு மாறானது என்று உறுதியாக நிற்கும் பெண்ணின் முடிவும் அவளுடையதே. அவளை வற்புறுத்தி அழைத்துவரும் உறவினருக்கு எங்கள் கதவு திறக்காது.

நம் பக்கத்து ஊரின் பாடம்

தாயின் முடிவே முடிவு என்றால், பெண்சிசு வேண்டாம் என்று அவள் கூறினால் என்ன செய்வது எனச் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்கு விடை தேடி நாம் வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. உசிலம்பட்டி வட்டாரத்தில் பிறந்த பெண் குழந்தைகளுக்குக் கள்ளிப்பால் புகட்டப்பட்ட செய்தி 1980களில் நாடெங்கும் பரவியது. 1992இல் தமிழக அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. 1994இல் வெளிவந்த ‘கருத்தம்மா’ திரைப்படம் அக்கொடுமையைத் திரையில் கண்டோரை உலுக்கியது. பின்னர் ஸ்கேன் கருவிகள் பரவின. கொலை பிறப்புக்குப் பின்னிருந்து பிறப்புக்கு முன்னால் நகர்ந்தது. அதைத் தடுக்கவே 1994இல் பாலினத் தேர்வைத் தடை செய்யும் சட்டம் இயற்றப்பட்டது. தமிழகத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 1991இல் 948 பெண் குழந்தைகள் இருந்தனர். 2001இல் 942, 2011இல் 943. அடிமட்டத்தில் தேங்கி நிற்கும் இவ்வெண்கள், சட்டம் மட்டும் போதாது என்பதைக் காட்டுகின்றன.

பாலினத்தைக் காரணமாகக் கொண்ட கலைப்பில் குடும்பம் பிள்ளையை வேண்டாம் என்று சொல்லவில்லை. பெண்ணை வேண்டாம் என்கிறது. அந்தக் கரு ஆணாக இருந்திருந்தால் இனிப்பு வழங்கியிருப்பார்கள். அம்முடிவு பெரும்பாலும் தாயின் வாயில் திணிக்கப்பட்ட சொல் என்பதைச் சட்டமே உணர்ந்திருக்கிறது. பாலினம் அறியும் சோதனைக்குக் கருவுற்ற பெண் வந்தால், கணவரோ உறவினரோ அவளைக் கட்டாயப்படுத்தினார்கள் என்றே நீதிமன்றம் முதலில் கருத வேண்டும் என்கிறது அச்சட்டம். இரண்டாவதும் பெண்ணாகப் பிறந்தால் வீட்டை விட்டு அனுப்பிவிடுவோம் என்ற மிரட்டலின்கீழ் நிற்பவள் தேர்வு செய்கிறாள் என்று கூறுவது கொடிய கேலி. ஸ்கேன் அறையில் ‘என்ன குழந்தை?’ என்று ஜாடையாகக் கேட்கும் உறவினர்களை அன்புடன் வேண்டுகிறோம்: கேட்காதீர்கள். கேட்பதும் குற்றம், சொல்வதும் குற்றம்.

சாத்தூர் சொன்னது

பிறவாத உயிருக்கு நாம் செய்ய வேண்டிய கடமை கலைப்பதா, வேண்டாமா என்ற வினாவோடு முடிந்துவிடுவதில்லை. 2018 டிசம்பரில் நம் மாவட்டத்துச் சாத்தூர் அரசு மருத்துவமனையில், இரத்தசோகையால் பாதிக்கப்பட்ட நிறைமாதக் கர்ப்பிணி ஒருவருக்குச் சிவகாசி அரசு மருத்துவமனையின் இரத்த வங்கியிலிருந்து பெற்ற இரத்தம் ஏற்றப்பட்டது. அதில் எச்.ஐ.வி. தொற்று இருந்தது. வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில் தமக்குத் தொற்று இருப்பதை அறிந்த இளைஞர் தாமாகவே தெரிவித்த பின்னரே உண்மை வெளிவந்தது. அம்மாத இறுதியில் அவ்விளைஞர் இறந்தார்.

கருவுற்ற பெண்ணுக்கு உடனடியாகக் கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கப்பட்டது. 2019 ஜனவரியில் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. பின்னர் செய்த பரிசோதனையில் அக்குழந்தைக்குத் தொற்று இல்லை என்று தெரியவந்தது. சிகிச்சை ஏதுமில்லாவிடில், தொற்றுள்ள தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று செல்லும் வாய்ப்பு 15 முதல் 45 விழுக்காடு. உரிய சிகிச்சை அளித்தால் அது 5 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடும். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019இல் அக்குடும்பத்துக்கு 25 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது.

இந்நிகழ்வை நாங்கள் நினைவூட்டுவது பழைய புண்ணைக் கிளற அன்று. அக்குழந்தையைக் காத்தது தாயின் வாய்வழியே சென்ற மாத்திரை. அக்குழந்தைக்கு வந்த ஆபத்தும் தாயின் கைநரம்பு வழியாகவே வந்தது. அவருக்கு இரத்தம் ஏற்ற வேண்டிய தேவையும் இரத்தசோகையால் வந்ததுதான். கருவின் உயிரைப் போற்றுகிறோம் என்று சொல்லும் எவரும் முதலில் கேட்க வேண்டியவை எளிய கேள்விகள்: இப்பெண்ணின் ஹீமோகுளோபின் அளவு என்ன? 11 கிராமுக்குக் கீழே உள்ளதா? இரும்புச்சத்து மாத்திரை கிடைத்ததா? கிடைத்ததை உண்ண அவளுக்கு வேளைக்குச் சோறு இருந்ததா? பட்டாசு ஆலைக்கோ நூற்பாலைக்கோ விடியலில் புறப்படும் கர்ப்பிணிக்கு மாதம் ஒருமுறை பரிசோதனைக்கு வர விடுப்புக் கிடைத்ததா? கருக்கலைப்பைக் கண்டித்துப் பேசுவது எளிது. கர்ப்பிணியின் தட்டில் ஒரு கீரையும் ஒரு முட்டையும் சேர்ப்பது அதைவிடப் பெரிய அறம் என்பது எங்கள் எண்ணம்.

இரு எல்லைகள்

சட்டம் மிக இறுகினால் என்னவாகும் என்பதை அயர்லாந்து காட்டியது. கர்நாடகத்தின் பெல்காமைச் சேர்ந்த பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவர், 2012 அக்டோபரில் அந்நாட்டின் கால்வே நகரில், பதினேழு வாரக் கரு தானே சிதைந்துகொண்டிருந்த நிலையில் மருத்துவமனையில் சேர்ந்தார். கரு பிழைக்காது என்று மருத்துவர்களுக்குத் தெரியும். எனினும் இதயத் துடிப்பு இருந்ததால் அவர் கேட்ட கலைப்பு மறுக்கப்பட்டது. குருதியில் நச்சு பரவி, அக்டோபர் 28 அன்று தம் முப்பத்தோராவது வயதில் அவர் உயிர்நீத்தார். கருவும் பிழைக்கவில்லை, தாயும் பிழைக்கவில்லை. 2018 மே மாதம் நடந்த வாக்கெடுப்பில் அயர்லாந்து மக்கள் மூவரில் இருவர் அத்தடையை நீக்க வாக்களித்தனர்.

மறுபுறம், எல்லையே வேண்டாம் என்றும் நாங்கள் கூறவில்லை. 2023 அக்டோபரில் இரண்டு பிள்ளைகளின் தாயான ஒருவர், இருபத்தாறு வாரக் கருவைக் கலைக்க உச்ச நீதிமன்றத்தின் அனுமதியைக் கேட்டார். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றுவந்தவர் அவர். பால் கொடுக்கும் காலமாதலால் மாதவிடாய் வராததை இயல்பென்று எண்ணியிருந்தார். இரு நீதிபதிகள் முதலில் அனுமதி தந்து, பின்னர் மாறுபட்டனர். கரு உயிருடன் பிறந்து பிழைக்கக்கூடிய நிலையில் உள்ளது, அதன் துடிப்பை நிறுத்தச் சொல்கிறீர்களா என்று மருத்துவர்கள் கேட்டதே அதற்குக் காரணம். அக்டோபர் 16 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அனுமதி மறுத்தது. பிரசவச் செலவை அரசு ஏற்கும் என்றும், விரும்பினால் குழந்தையைத் தத்துக்கொடுக்கலாம் என்றும் கூறியது. அத்தீர்ப்பு அப்பெண்ணின் மீது சுமத்திய பாரத்தை நாங்கள் சிறிதாகக் கருதவில்லை. ஆயினும் வெளியே வந்தால் பிழைக்கக்கூடிய குழந்தையின் முன் மருத்துவர் கை தயங்குவது இயற்கை. அத்தயக்கம் இருக்கவும் வேண்டும். நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. எந்தப் பெண்ணும் அவ்வளவு தாமதமாக வர நேராதபடி செய்வதே அது. பால் கொடுக்கும் தாய்மார்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்: மாதவிடாய் வராததால் கரு தங்காது என்று கொள்ள முடியாது. பிரசவம் முடிந்து வீடு திரும்பும் முன்பே கருத்தடை முறை குறித்துச் செவிலியரிடம் கேளுங்கள்.

அச்சமும் மருந்துக்கடையும்

2015ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 1 கோடியே 56 இலட்சம் கருக்கலைப்புகள் நடந்தன என்றும், அவற்றுள் நான்கில் மூன்று பங்கு மருத்துவமனைக்கு வெளியே மாத்திரைகளால் நடந்தவை என்றும் ‘லான்செட்’ இதழ்க் குழுமத்தில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. 2001 முதல் 2003 வரையான அரசுக் கணக்கெடுப்பு, நாட்டின் தாய் இறப்புகளில் 8 விழுக்காடு கருக்கலைப்பால் நேர்ந்தவை என்றது. கடையில் வாங்கி இரகசியமாக விழுங்கும் மாத்திரை எல்லோரையும் கொன்றுவிடாது. ஆனால் கரு கருக்குழாயில் தங்கியிருந்தால் அம்மாத்திரையால் பயனில்லை. குழாய் வெடித்து வயிற்றுக்குள் இரத்தம் கொட்டும். வாரக் கணக்குத் தவறினால் கரு முழுமையாக வெளியேறாது. தாயின் இரத்தம் ஆர்.எச். நெகட்டிவ் என்றால் அடுத்த பிள்ளையைக் காக்கும் ஊசி தேவைப்படலாம். இவற்றை மருந்துக்கடைக்காரர் அறியமாட்டார். சட்டப்படி மருத்துவரின் மேற்பார்வையில் ஒன்பது வாரம் வரையே மாத்திரை முறைக்கு இடமுண்டு.

எங்கே, எப்படிக் கலைப்பு நடந்திருந்தாலும், தொடர்ந்து இரண்டு மணி நேரம் மணிக்கு இரண்டு நாப்கின் நனையுமளவு உதிரப்போக்கு, காய்ச்சல், துர்நாற்றமுள்ள கசிவு, தாங்கவியலாத வயிற்றுவலி, மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே 108ஐ அழையுங்கள். ஏன், எதற்கு என்ற விசாரணையை மருத்துவமனை வாயிலில் எவரும் நடத்தக்கூடாது. அவ்வேளையில் அவர் எங்கள் நோயாளி. அதற்கு மேல் எங்களுக்குத் தெரிய வேண்டியது மருத்துவ விவரம் மட்டுமே.

குடும்பத்தாருக்குச் சில சொற்கள்

ஐந்தாம் மாத ஸ்கேனில் குறைபாடு என்று கூறினால் அன்றே முடிவெடுக்க ஓடாதீர்கள். பிளவுபட்ட உதட்டைத் தைத்துச் சீராக்கலாம். வளைந்த பாதத்தை நேராக்கலாம். மூளையும் மண்டையோடும் உருவாகாத குழந்தை பிழைக்காது. இரண்டுக்கும் இடையே ஆயிரம் நிலைகள் உண்டு. மருத்துவரிடம் கேட்டு, தேவையானால் மதுரையில் இரண்டாவது கருத்தும் பெற்று, பெண்ணின் மனம் தெளிந்தபின் முடிவெடுங்கள். கருத்தரிக்கத் திட்டமிடும் நாளிலிருந்தே ஃபோலிக் அமில மாத்திரை உண்பது மூளை, தண்டுவடக் குறைபாடுகளைப் பெருமளவு தடுக்கும்.

அறியப்பட்ட கருக்களில் நூற்றுக்குப் பத்துக்குக் குறையாமல் தாமாகவே கலைந்துவிடுகின்றன. பளு தூக்கினாள், பேருந்தில் போனாள் என்று அப்பெண்ணைக் குற்றம் சாட்டாதீர்கள். தானாகக் கலைந்தாலும் மருத்துவக் காரணத்தால் கலைக்கப்பட்டாலும், ஆறு வாரம் ஊதியத்துடன் கூடிய விடுப்பை 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் வகுத்தது. ஆலைகளில் பணிபுரியும் பெண்கள் இவ்வுரிமையை மேலாளரிடம் கேட்கத் தயங்க வேண்டாம்.

கலைப்புக்குப் பின் சில பெண்கள் நிம்மதியடைகிறார்கள். சிலர் அழுகிறார்கள். சிலருக்கு இரண்டும் ஒரே நாளில் நேர்கிறது. அழுபவளிடம் ‘நீயே வேண்டாம் என்றாய், இப்போது ஏன் அழுகிறாய்?’ என்று கேட்பது கல்நெஞ்சம். நிம்மதியடைந்தவளிடம் பாவக் கணக்குப் பேசுவதும் அப்படித்தான். இழப்பு உண்மையானதாக இருக்கலாம். முடிவும் சரியானதாக இருக்கலாம்.

வீட்டில் பேச முடியாத நிலையில் உள்ள பெண்கள் 181 என்ற எண்ணிலும், பதினெட்டு வயது நிரம்பாதோர் 1098 என்ற எண்ணிலும் உதவி பெறலாம். ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியரிடம் முதலில் கூறினாலும் போதும். நாள் தள்ளிப்போனது தெரிந்த வாரத்திலேயே வாருங்கள். பிள்ளையைப் பெற்றுக்கொள்வது என்று முடிவெடுத்தாலும் வேறு முடிவெடுத்தாலும், உங்கள் முன் அதிக வழிகள் திறந்திருப்பது அந்த வாரத்தில்தான்.